ஆப்பில் பச்சை காட்டுகிறது, பறக்கவிடலாம்தானே?

மார்ச் 3, இரவு 9.20 (வந்த கேள்வி)

போன மாதம் ட்ரோன் வாங்கினேன். 249 கிராம். வரைபட ஆப்பில் நான் போகப்போகும் ஏரிக்கரை பச்சையாக இருக்கிறது, விமான நிலையம் எங்கோ தொலைவில். 250 கிராமுக்குக் கீழே என்றால் எதையும் பார்க்கத் தேவையில்லை என்று நண்பன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பச்சை என்றால் பறக்கவிடலாம்தானே?

மார்ச் 3, இரவு 10.45

அந்தத் 'தானே'யில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் நண்பர் சொன்ன 249 கிராம் கதை. எடை குறைந்தால் பல நாடுகளில் பதிவு வேண்டாம், உரிமம் வேண்டாம், அது உண்மை. ஆனால் அது ட்ரோனுக்கும் உங்களுக்கும் கிடைத்த சலுகை. வான்வெளிக்கு உங்கள் ட்ரோனின் எடை தெரியாது. அமெரிக்காவில் 250 கிராமுக்குக் கீழே உள்ள ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடப் பதிவு கேட்பதில்லை, ஆனால் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் அதே குட்டி ட்ரோனுக்கும் முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் நானோ வகைக்கு (250 கிராம் வரை) பைலட் உரிமம் வேண்டாம், ஆனால் சிவப்பு (தடை), மஞ்சள் (அனுமதி வேண்டும்) மண்டலம் அதற்கும் சிவப்பு, மஞ்சள்தான்.

பச்சையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். தூக்கம் வருகிறது. எப்படியும் தடை உள்ள இடமாக இருந்தால் ட்ரோனே கிளம்பாது, அதனால் பயப்பட வேண்டாம்.

மார்ச் 4, காலை 7.05

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அரைத் தூக்கத்தில் எழுதினால் இப்படித்தான். ஏன் தப்பு என்பதற்குத் தனியாக ஒரு குறிப்பு வேண்டும், சாயங்காலம்.

மார்ச் 4, மாலை 6.30

பச்சை எதைச் சொல்கிறது? அந்த வரைபடத்தைத் தயாரித்த நாளில், அந்த இடத்தில் நிரந்தரமான தடை எதுவும் பதிவாகவில்லை என்று சொல்கிறது. அவ்வளவுதான். வானூர்தித் தகவல்களை உலகம் முழுக்க 28 நாள் சுழற்சியில்தான் புதுப்பிக்கிறார்கள். நடுவில் வருகிற தற்காலிகத் தடைகள் எல்லாம் நோட்டாம் என்ற அறிவிப்பாகத் தனியாக வரும். சில ஆப்கள் அதையும் சேர்த்து வரைபடத்தில் போடுகின்றன, சில போடுவதில்லை, சில போட்டாலும் அதற்கென்று ஒரு பொத்தானை அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு கீழே ஒளித்து வைத்திருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வெயிலில் நின்றுகொண்டு தேடாதீர்கள்.

இன்னொன்று, பச்சை 'எவ்வளவு உயரம் வரை பச்சை' என்று கேட்க வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளி தலைகீழாகக் கவிழ்த்த அடுக்குக் கேக் மாதிரி, பக்கத்தில் தரையிலிருந்தே தொடங்கும், தள்ளிப் போகப் போக அடிமட்டம் உயர்ந்துகொண்டே போகும். அமெரிக்க வரைபடத்தில் கட்டுப்பாட்டு வான்வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 0, 50, 100, 200, 300, 400 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த அடி வரை கேட்டால் ஆப்பிலேயே அனுமதி கிடைத்துவிடும். 0 என்றால் அந்த வழியில் கிடைக்காது. ஒரே தெருவின் இந்த முனை 200, அந்த முனை 0 என்று இருக்கலாம். இந்தியாவில் விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி வரைதான் பச்சை, அதற்கு மேல் மஞ்சள். தட்டிப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

மார்ச் 4, இரவு 9.50

இப்போது என் கதை. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

ஒரு சனிக்கிழமை. நானும் ஓர் ஏரிக்கரைக்குத்தான் போனேன். முந்தின இரவே நோட்டாம் பார்த்தேன், பெருமையாகச் சொல்கிறேன், பார்த்தேன். ஏதோ விமானக் கண்காட்சிக்கான ஒத்திகை, ஐந்து கிலோமீட்டர் வட்டம், 0300 முதல் 0900 வரை. ஏரி அந்த வட்டத்தின் ஓரத்தில்தான் வந்தது. சரி, ஒன்பது மணிக்கு முடிந்துவிடும், நாம் பத்து மணிக்குப் போவோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து மணிக்குக் கரையில் துண்டை விரித்து, ட்ரோனை அதன் மேல் வைத்து, புரொப்பல்லர் ஒன்றில் புல் சுற்றியிருந்ததை எடுத்துக்கொண்டிருந்தேன். ரிமோட் இன்னும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை எண்ணிக்கொண்டிருந்தது, ஏழு, எட்டு, மறுபடி ஏழு. அப்போது நெஞ்சுக்குள் முதலில் ஒரு அதிர்வு, அப்புறம்தான் காதில் சத்தம். மரங்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஹெலிகாப்டர், ஒன்றன் பின் ஒன்றாக, ஏரியைக் குறுக்கே கடந்து போயின. தண்ணீரில் சுருக்கம் விழுந்ததைப் பார்த்தேன். அவ்வளவு கீழே. துண்டின் ஒரு முனை மடங்கி ட்ரோனை மூடிவிட்டது.

நோட்டாமில் நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். எப்போதும். 0300 என்பது என் கடிகாரத்தில் காலை எட்டரை. 0900 என்பது பகல் இரண்டரை. நான் தடையின் நட்ட நடுவில் போய்த் துண்டு விரித்திருக்கிறேன். அந்த எட்டாவது செயற்கைக்கோள் ஒரு நிமிடம் முந்திக் கிடைத்திருந்தால் என் ட்ரோன் நாற்பது மீட்டர் உயரத்தில் நின்றிருக்கும்.

அன்றிலிருந்து போனில் உலகக் கடிகாரத்தில் யுடிசியை முதல் வரியில் வைத்திருக்கிறேன். மனக்கணக்கு போடுவதில்லை.

மார்ச் 5, காலை 6.40

நோட்டாமை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் தந்தி மாதிரி இருக்கும், பழகினால் இரண்டு நிமிட வேலை. பி) என்ற இடத்தில் தொடக்கம், சி) என்ற இடத்தில் முடிவு. பத்து இலக்கம்: ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. 2503090100 என்றால் 2025 மார்ச் 9, யுடிசி 01.00. டி) என்று ஒன்று இருந்தால் அதை விடாதீர்கள், 'தினமும் இந்த நேரத்தில் மட்டும்' என்பது அங்கேதான் இருக்கும். இ) என்பதில் விவரம். எஃப்), ஜி) இரண்டும் கீழ் உயரம், மேல் உயரம். எஃப்) இல் எஸ்எஃப்சி அல்லது ஜிஎன்டி என்றிருந்தால் தரையிலிருந்தே தொடங்குகிறது, அதாவது உங்களுக்கும் சேர்த்துத்தான். கீழ் உயரமே பல ஆயிரம் அடி என்றால் அது பெரிய விமானங்களின் பிரச்சினை, நம்முடையது இல்லை.

நோட்டாமின் மேலே கியூ) என்று தொடங்கும் வரி ஒன்று உண்டு, அந்தக் கியூ வரியின் கடைசியில் ஓர் இடத்தின் அட்ச, தீர்க்கரேகையும் அதோடு ஒட்டிக்கொண்டு மூன்று இலக்கமும் இருக்கும். அந்த மூன்று இலக்கம் சுற்றளவு.

மார்ச் 5, காலை 6.55

சுற்றளவு இல்லை, ஆரம். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் பார்த்தால் காதைத் திருகுவார்.

மார்ச் 5, பகல் 1.20

சாப்பாட்டு வேளையில் அந்தப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கணக்கு சரியா என்று உறுதிப்படுத்திக்கொள்ள. எடுக்காமலே இருந்திருக்கலாம்.

005 என்று இருக்கிறது. நான் ஐந்து கிலோமீட்டர் என்று நேற்று எழுதினேன், அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். கியூ வரியில் ஆரம் நாட்டிகல் மைலில். ஒரு நாட்டிகல் மைல் 1852 மீட்டர். ஐந்து என்றால் 9.26 கிலோமீட்டர். ஏரி நடுப்புள்ளியிலிருந்து நாலரை கிலோமீட்டர். ஓரமாவது ஒன்றாவது, கிட்டத்தட்ட வட்டத்தின் பாதியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை நாளாக 'நேரத்தை மட்டும்தான் தப்பாகப் படித்தேன்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டையும் தப்பாகப் படித்திருக்கிறேன்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். கியூ வரியின் வட்டம் கணினி தேடி வடிகட்டுவதற்காகப் போடுவது, ஆரத்தை முழு எண்ணாக்கிப் போடுவார்கள். சரியான எல்லை இ) இல்தான் இருக்கும், அங்கே கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் கிலோமீட்டர். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இ) பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டியவன் நான்தான்.

மார்ச் 5, இரவு 8.10

ட்ரோனே கிளம்பாது என்று முதல் நாள் சொன்னேனே, அது.

2015 ஜனவரியில் டிஜேஐ நிறுவனம் தயாரித்த ஃபான்டம் என்ற ட்ரோன் ஒன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் போய் விழுந்தது. உடனே டிஜேஐ வாஷிங்டனைச் சுற்றி 15 மைலுக்கு ட்ரோன் எழும்பவே விடாத ஒரு மென்பொருள் மாற்றத்தைக் கொண்டுவந்தது. இப்படி வளர்ந்ததுதான் ஜியோஃபென்ஸ். அந்தக் காலத்தில் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு 'தடை என்றால் மோட்டாரே சுற்றாது' என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அதே நிறுவனம் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 2024 இலும், அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் அந்தக் கட்டாயத் தடுப்பை எடுத்துவிட்டது. இப்போது அங்கே அரசின் வரைபடத்தைக் காட்டி எச்சரிக்கை மட்டும்தான் வரும். 'சரி' என்பதைத் தட்டினால் கிளம்பிவிடும். நாம் எதைத்தான் படித்துப் பார்த்து 'சரி' தட்டியிருக்கிறோம்?

ஜியோஃபென்ஸ் இருந்தபோதும் அதை நம்பி ஏமாந்த கதை உண்டு. 2017 செப்டம்பர் 21, நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் பக்கம். ஐ.நா. பொதுச்சபை நடந்துகொண்டிருந்ததால் தற்காலிகத் தடை. ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் 300 அடி அளவில் போய்க்கொண்டிருந்தது, அதில் ஒரு ஃபான்டம் 4 மோதியது. விட்டவர் பொழுதுபோக்குக்காரர்தான், ட்ரோன் அவரிடமிருந்து இரண்டரை மைல் தள்ளி, கண்ணுக்கே தெரியாத தூரத்தில். தடை இருந்தால் ஆப் சொல்லும் என்று நம்பியிருக்கிறார். அந்தச் சமயத்தில் தற்காலிகத் தடைகளைக் காட்டும் வசதி ஆப்பில் இயங்கவில்லை. ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது. அதில் சிக்கியிருந்த ட்ரோன் துண்டை வைத்து விசாரணைக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்துக் கேட்கும்வரை, மோதியதே அவருக்குத் தெரியாது. ட்ரோன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

நான் அந்த விசாரணை அறிக்கையை இரண்டு தடவை படித்திருக்கிறேன். 300 அடி. நமக்கு அனுமதித்த 400 அடிக்குள்தான் அந்த ஹெலிகாப்டர் பறந்தது. 'நான் உயர வரம்புக்குள்தான் இருந்தேன்' என்று சொல்லி அங்கே தப்பிக்க முடியாது.

மார்ச் 6, காலை 7.30

உயரம். இதில் எல்லோரும் திரையில் தெரியும் எண்ணை நம்புகிறோம். திரையில் தெரிவது ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து உயரம். கீழே இருக்கும் தரையிலிருந்து இல்லை.

ஒரு தடவை ஒரு குன்றின் உச்சியிலிருந்து கிளப்பினேன். சமவெளியிலிருந்து 90 மீட்டர் இருக்கும். திரையில் 100 மீட்டர் காட்டியது, வரம்பு 120, நல்ல பிள்ளையாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே குன்றின் விளிம்பைத் தாண்டி வயல் பக்கம் ஓட்டினேன். விளிம்பைத் தாண்டிய நொடியில் கீழே தரை 90 மீட்டர் இறங்கிவிட்டது. எண் மாறவில்லை. வயலுக்கு மேலே என் ட்ரோன் 190 மீட்டரில். வீடியோவில் மாடுகள் எறும்பு மாதிரி தெரிந்தபோதுதான் உறைத்தது.

ஐரோப்பிய விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது, தரையின் மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து 120 மீட்டர். சரிவோடு ஒட்டிப் பறந்தால் சரிவிலிருந்து அளக்கலாம், விலகினால் கீழே இறங்கத்தான் வேண்டும். எல்லா நாட்டிலும் 120 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கவலை விட்டது.

மார்ச் 6, காலை 8.15

விடவில்லை. சிங்கப்பூரில் அனுமதி இல்லாமல் 200 அடிதான், அதாவது 60 மீட்டர். அதுவும் கடல்மட்டத்திலிருந்து. ஒரு மேட்டில் ஏறி நின்றால் உங்கள் காலடியே வரம்பில் பாதியைத் தின்றுவிடும். விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் எந்த உயரமானாலும் அனுமதி வேண்டும். அந்தத் தீவில் 5 கிலோமீட்டர் வட்டங்களைப் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

ஆகவே எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் என்ன எழுத்து என்று பாருங்கள். ஏஜிஎல் என்றால் தரையிலிருந்து. ஏஎம்எஸ்எல் என்றால் கடல்மட்டத்திலிருந்து.

மார்ச் 7, மாலை 5.45

கொஞ்சம் வேறு விஷயம். எத்தனை அறிவிப்பு படித்தாலும் பருந்துக்கு நோட்டாம் கிடையாது. போன வாரம் ஒன்று என் ட்ரோனுக்கு மேலே வந்து வட்டமிட்டது, அப்புறம் இன்னொன்று. நேராக மேலே ஏற்றினால் துரத்தாது என்று ஒரு ஆலோசனை உண்டு, வேலை செய்கிறது, ஆனால் ஏற்றும் வேகத்தில் 120 ஐத் தாண்டிவிடாமல் பார்க்க வேண்டும். பருந்திடமிருந்து தப்பித்து அதிகாரியிடம் மாட்டுவானேன்.

மார்ச் 7, இரவு 10.05

ஏரிக்கரையில் சிக்னல் இருக்குமா என்று கேட்க மறந்தேன். என் ஏரியில் இருக்காது. ஆப் அப்போதும் அழகாக வரைபடத்தைக் காட்டும், அது போனில் தேங்கியிருக்கும் பழைய படம். எத்தனை நாள் பழையது என்று சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை. எனக்கு ஒரு தடவை மூன்று வாரப் பழைய படத்தைக் காட்டியது, வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே இடத்தில் ஆரஞ்சு. நல்லவேளை அன்று காற்று அதிகம், பறக்கவிடவில்லை. இப்போது சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, சிக்னல் இருக்கும்போதே ஆப்பை முழுக்க மூடித் திறந்து ஒரு தடவை பார்க்கிறேன்.

பச்சை இடத்திலும் தரைக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம், அது தனி விவகாரம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 இலிருந்து ட்ரோனைக் கிளப்பவோ இறக்கவோ கூடாது. மேலே வான்வெளி திறந்துதான் இருக்கும், கால் வைத்திருக்கும் மண்தான் தடை. வான்வெளி ஆப்பில் இதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மார்ச் 8, காலை 9.00

'வரைபடத்தில் இல்லாத தடை எப்படி வரும், யாராவது முன்பே சொல்ல மாட்டார்களா' என்று கேட்டிருக்கிறீர்கள். தீ முன்பே சொல்லிவிட்டு வருமா? 2025 ஜனவரி 9 ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பாலிசேட்ஸ் தீயில், கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்த தண்ணீர் சுமக்கும் விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. தீயைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருவர் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து கிளப்பி, 2500 மீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறார், நடுவில் ட்ரோனே கண்ணுக்குத் தெரியவில்லை. தடை அறிவிப்பு இருந்தது. விமானம் பழுதுபார்க்கப் போய்விட்டது, ஊர் எரிந்துகொண்டிருந்தபோது.

புகை தெரிந்தால், ஆம்புலன்ஸ் கூட்டம் தெரிந்தால், தாழ்வாக ஹெலிகாப்டர் போனால், ஆப் என்ன நிறம் காட்டினாலும் நான் ட்ரோனைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

மார்ச் 8, இரவு 8.30

நீங்கள் அனுப்பிய நோட்டாமைப் பார்த்தேன். தேடி எடுத்துவிட்டீர்களே, அது போதும். பி) 2503090100, சி) 2503090430. எஃப்) எஸ்எஃப்சி. ஜி) 1500 அடி. இ) இல் ஆரம் 3 நாட்டிகல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் சொச்சம். உங்கள் கரை நடுப்புள்ளியிலிருந்து 4 கிலோமீட்டர் என்கிறீர்கள், அப்படியானால் உள்ளேதான். பச்சைக்குள் ஒரு வட்டம்.

உங்களுக்கும் என் கடிகாரம்தான். காலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை மூடல். சூரிய உதயத்தைப் படம் பிடிக்கும் திட்டத்தை விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் போங்கள். கிளம்பும் முன் இன்னொரு தடவை திறந்து பாருங்கள். அறிவிப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது நோட்டாம்என் என்று இருக்கிறது, புதியது என்று அர்த்தம். நோட்டாம்ஆர் என்று ஒன்று வந்தால் பழையதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வந்தது. நோட்டாம்சி வந்தால் ரத்து.

மார்ச் 9, காலை 10.25

ஆர் வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஒன்பதரைக்குப் போட்டிருக்கிறார்கள். சி) 2503091030. மாலை நான்கு மணி வரை.

மார்ச் 9, காலை 10.50

இல்லை, 'பத்து மணி வரை என்றுதானே நேற்று இருந்தது' என்பதெல்லாம் செல்லாது. நாலேகாலுக்குப் போங்கள், வெளிச்சம் இருக்கும், காற்றும் தணிந்திருக்கும். மண்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி மறுபடி பாருங்கள். இரவே சார்ஜ் போட்டுவிட்டேன் என்றீர்கள், பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள்.